புது உணவின் மேல் விழும் பழி

குமரி மாவட்டத்திலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டருக்குப் போகிறவர்கள் ஏராளம். 1981-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையைவிட எவ்வளவோ கிட்டத்தில் இருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, அப்புறம் திருவனந்தபுரம். ஒரு வீட்டில் யாருக்காவது கீமோ தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. உடம்பு தேற வேண்டுமே என்று ஆளுக்கொரு பொருள் வாங்கி வருவார்கள். ஓட்ஸ், புரதப் பொடி, டிராகன் பழம், இப்படி அந்த வீட்டில் அதுவரை யாரும் ருசி பார்த்திராத ஏதாவது ஒன்று அதில் இருக்கும். மருந்து ஏற்றும் நாளன்று காலையில், "வெறும் வயித்தோட போகாதீங்க சித்தி, இதக் குடிச்சிட்டுப் போங்க" என்று அந்தப் பொடியைப் பாலில் கரைத்துக் கொடுப்பார்கள். ராத்திரி வாந்தி. சில வாரம் கழித்து அந்த டப்பாவைத் திறந்தாலே சித்திக்குக் குமட்டும்.

அன்று காலை சித்தி அதை மட்டும் சாப்பிட்டிருக்க மாட்டார். சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் உள்ளே போயிருக்கும். வழியில் ஒரு கட்டன் சாயா குடித்திருப்பார். வாந்தியில் எல்லாமேதான் வெளியே வந்தன. ஆனால் கஞ்சியைக் கண்டால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. பழி முழுக்கப் பொடியின் மேல் விழுந்தது. வாந்தி வந்தது மருந்தால் என்று சித்திக்கும் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்பதில்லை. பழி ஏன் புதிய உணவைத் தேடிப் போகிறது என்பதற்கு உளவியல் ஆராய்ச்சியில் தெளிவான விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. நோயாளியின் சாப்பாட்டுத் தட்டுவரைக்கும் பயன்படக்கூடிய விடை அது. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைக் கண்டதும் இன்னொன்றை எதிர்பார்க்க உடம்பு பழகுவதற்கு ஆக்கநிலையுறுத்தல் என்று பெயர். பி.எட். படித்தவர்களிடம் அதைச் சொன்னால் உடனே பாவ்லோவின் நாயைச் சொல்வார்கள். செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யர் இவான் பாவ்லோவ். நாய்க்குத் தீனி வருமுன் மெட்ரோனோம் போன்ற ஒரு கருவியின் சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில் சத்தம் கேட்டதுமே எச்சில் ஊறும். இரண்டு விஷயம் சேர்ந்தாற்போல வந்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரும் என்ற அளவில் அது நம் மனதில் தங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கத்தை வைத்துச் சித்தியின் குமட்டலை விளக்க முடியாது. கஞ்சியும்தான் சேர்ந்து வந்தது. அதுபோகப் பொடிக்கும் வாந்திக்கும் நடுவே பல மணி நேரம் ஓடிவிட்டது. அதைச் சேர்ந்து வந்தது என்று சொல்வதே கஷ்டம். எது முன்னால் வந்தது, எவ்வளவு முன்னால் வந்தது என்று உடம்பு பார்க்கிறது. வந்தது ஏற்கெனவே அறிமுகமான பொருளா என்றும் பார்க்கிறது.

நேரத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் ஜீவன் ஒன்றே போதும். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர் போன இடம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையம் இங்கே மரப்பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. இன்று அந்தத் தொழில் பெரும்பாலும் ரப்பர் தோட்டங்களை நம்பி நடக்கிறது. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் காலத்தில் ரப்பர் இலைக் காம்பில் இருக்கும் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். (தேன் பூவிலிருந்து வராமல் இலையிலிருந்து வருகிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப யோசிப்பார்கள். ஆனால் ரப்பர் தேன் அப்படித்தான் கிடைக்கிறது.) சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் பெட்டிக்குள் சீனிப் பாகு வைத்து ஈக்களைக் காப்பாற்றுவார்கள்.

ஆய்வுக்கூடத்திலும் அந்தச் சீனிப் பாகுதான் பயன்படுகிறது. தேனீயைச் சின்னக் குழாய்க்குள் தலை மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்திவிடுவார்கள். அதன் உணர்கொம்பைப் பாகால் தொட்டால் நாக்கை நீட்டி உறிஞ்சும். அது பிறவிக் குணம். இப்போது ஏதாவது ஒரு மணத்தை ஊதிவிட்டு, இரண்டு மூன்று நொடி கழித்துப் பாகைக் காட்டுகிறார்கள். ஒரே தடவையிலேயே பல தேனீக்கள் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை ஆனால் பெரும்பாலானவை கற்றுவிடும். அதன் பிறகு மணம் மட்டும் வந்தாலும் நாக்கு நீளும்.

வரிசையை மாற்றி, முதலில் பாகு, அப்புறம் மணம் என்று கொடுத்தால் தேனீ கற்பதில்லை. மணமும் அதேதான், பாகும் அதேதான், இடைவெளியும் அதே சில நொடிதான். ஆனாலும் மணத்துக்கு நாக்கு நீளாது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. பின்னொரு நாள் அதே மணத்தைச் சரியான வரிசையில் கற்பிக்க முயன்றால் தேனீ வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் கற்கிறது என்று 1998-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாகுக்குப் பின்னால் வந்த மணத்தை, சாப்பாடு முடிந்துவிட்டது என்பதன் அடையாளமாக அது எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1993-இல், மார்ட்டின் ஹாமர் செய்த சோதனை இன்னும் ஆழமானது. தேனீயின் மூளையில் இனிப்புக்குக் கிளர்ந்தெழும் ஒற்றை நரம்பணு ஒன்றைக் கண்டுபிடித்து, பாகே கொடுக்காமல் அந்த நரம்பணுவை மட்டும் மின்சாரத்தால் தூண்டினார். மணத்துக்குப் பின் தூண்டினால் தேனீ மணத்தைக் கற்றது. மணத்துக்கு முன் தூண்டினால் கற்கவில்லை. பரிசு என்பது ஒரே ஒரு அணுவின் துடிப்பாகச் சுருங்கிய பிறகும் வரிசை விதி அப்படியே நின்றது.

வெளியில் பறக்கும் தேனீயும் இந்த விதியை மீறுவதில்லை. எலிசபெத் ஓப்ஃபிங்கர் 1931-இல் தேனீக்களுக்குப் பாகுக் கிண்ணம் வைத்து, அவை வந்து இறங்கும்போது ஒரு நிறத்தையும், உட்கார்ந்து குடிக்கும்போது வேறொரு நிறத்தையும், கிளம்பும்போது இன்னொன்றையும் காட்டினார். தேனீ மனதில் வைத்துக்கொண்டது இறங்கும்போது கண்ட நிறத்தைத்தான். குடிக்கும் நேரம் முழுக்கக் கண்ணெதிரே இருந்த நிறம் பதியவில்லை. அடுத்த முறை இடத்தைக் கண்டுபிடிக்க உதவப் போவது வரும்போது தெரிகிற அடையாளம்தானே. இந்த வகைக் கற்றல் எதிர்காலத்தைக் குறித்தது. வரப் போவதை முன்கூட்டிச் சொல்லும் குறிக்குத்தான் அதில் மதிப்பு.

எவ்வளவு முன்னால் என்பதிலும் கணக்கு உண்டு. கண்ணில் காற்றை ஊதினால் இமை மூடும். ஊதுவதற்கு முன் ஒரு ஒலி கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஒலிக்கே இமை மூடப் பழகிவிடும். முயலிலும் மனிதரிலும் இதை ஆயிரக்கணக்கான தடவை செய்து பார்த்திருக்கிறார்கள். இதற்குத் தோதான இடைவெளி ஒரு நொடியில் பாதியோ அதற்கும் குறைவோதான். சில நொடி தள்ளிப் போனாலே கற்பது மிகவும் கஷ்டமாகிவிடும். ஒலி முடிந்து, சற்றே மௌனம் வந்து, அதன் பின் காற்று வந்தால் நிலைமை இன்னும் மாறும். ராபர்ட் கிளார்க்கும் லாரி ஸ்கொயரும் 1998-இல், புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். காற்று வரும்வரை ஒலி நீடித்தால் அந்த நோயாளிகளும் மற்றவர்களைப் போலவே கற்றார்கள். நடுவே ஒரு நொடி அளவுக்கு மௌனம் விட்டால் அவர்களால் முடியவில்லை. சிறுமூளை தனியாகச் செய்துவிடும் வேலைக்கு, அந்தச் சின்ன வெற்றிடம் வந்ததும், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் கூடத் தேவைப்படுகிறது.

இடைவெளியின் நீளம் ஒரு பாதி விஷயம்தான். ஜான் கிப்பனும் பீட்டர் பால்சமும் 1981-இல் புறாச் சோதனைகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஒரு விகிதம் தென்பட்டது. விளக்கு எரிந்து 10 நொடியில் தீனி வருகிறது. ஒரு தீனிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடம். விளக்கு நேரத்தை 20 நொடியாக நீட்டினால் புறா கற்பது தாமதப்படும். ஆனால் தீனிகளுக்கு நடுவே உள்ள காத்திருப்பையும் 2 நிமிடமாக நீட்டிவிட்டால் தாமதம் ஏறக்குறைய மறைந்துவிடும். குறிக்கும் விளைவுக்கும் உள்ள தூரத்தை, ஒரு விளைவுக்கும் அடுத்த விளைவுக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டுத்தான் புறா எடை போடுகிறது. நெருக்கி நெருக்கிப் பயிற்சி கொடுப்பது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம். தேனீயிலும், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை என்று கொடுத்த பயிற்சியைவிடப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுத்ததுதான் நாட்கணக்கில் நினைவில் தங்குகிறது.

கீமோவுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். பல சிகிச்சை முறைகளில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுவார்கள். வாந்தி அந்த மூன்று வாரத்தில் ஓரிரு நாள் வந்து போவது. 21 நாளோடு ஒப்பிட்டால் காலைப் பொடிக்கும் இரவு வாந்திக்கும் நடுவே உள்ள சில மணி நேரம் ஒன்றுமே இல்லை. இது என் கணிப்புதான், நேரடியாக அளந்து சொன்னதல்ல. ஆனால் அத்தனை மணி நேர இடைவெளியையும் உணவுச் சுவை தாண்டுகிறது என்பது வெறும் கணிப்பல்ல. அதைக் காட்டியவர் ஜான் கார்சியா.

கார்சியா 1950களில் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கடற்படையின் கதிரியக்க ஆய்வகத்தில் வேலை பார்த்தார். கதிர்வீச்சுக்கு முன் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் குடித்த எலிகள், பிறகு அந்த இனிப்பையே ஒதுக்கின. 1955-இல் வெளிவந்த செய்தி இது. 1966-இல் அவரும் ராபர்ட் கோலிங்கும் அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். எலி தண்ணீரை நக்கும்போதெல்லாம் மூன்று விஷயம் சேர்ந்தே கிடைக்கும்: சுவை, ஒரு வெளிச்சம், ஒரு டிக் சத்தம். சில எலிகளுக்கு அதன் பின் உடம்பு குமட்டும்படி செய்தார்கள். சில எலிகளுக்குக் காலில் மின் அதிர்ச்சி. அப்புறம் சுவையைத் தனியாகவும் வெளிச்சத்தையும் சத்தத்தையும் தனியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். குமட்டல் கண்ட எலி சுவையை வெறுத்தது. வெளிச்சத்தையும் சத்தத்தையும் கண்டுகொள்ளவில்லை. அதிர்ச்சி வாங்கிய எலி வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பயந்தது. சுவையை ஒன்றும் சொல்லவில்லை. அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில், சுவைக்கும் நோய்க்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலும் வெறுப்பு பதிகிறது என்று கார்சியா காட்டினார். மறு ஆண்டு வேறு இரண்டு ஆய்வாளர்கள் 12 மணி நேரம் வரைக்கும் அதை நீட்டிப் பார்த்துவிட்டார்கள்.

இமைக்கு அரை நொடி, நாக்குக்கு அரை நாள். இவ்வளவு வித்தியாசத்தை அன்றைய உளவியலாளர்கள் ஏற்கவில்லை. கார்சியாவின் கட்டுரைகளை முக்கியமான சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கண்ணுக்கு வரும் ஆபத்து கணத்தில் வரும். கெட்டுப்போன மீனின் விஷம் வயிற்றில் வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். எந்த ஆபத்து எவ்வளவு நேரத்தில் வரும் என்பது அந்தந்த உறுப்பின் கற்றலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

சரி, மணி நேரக் கணக்கு புரிகிறது. கஞ்சி ஏன் தப்பித்தது? இங்கேதான் முன் அனுபவம் வருகிறது.

1959-இல் ராபர்ட் லூபோவும் மூரும் அமெரிக்காவில் ஆடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். செம்மறியும் உண்டு, வெள்ளாடும் உண்டு. ஆடுகளுக்கு முதலில் ஒரு குறியைப் பல முறை சும்மா காட்டினார்கள். அதன் பின் எதுவுமே நடக்காது. பிறகு அந்தக் குறியைத் தொடர்ந்து காலில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்து, குறி வந்ததும் காலை மடக்கப் பழக்கினார்கள். சும்மா பார்த்துப் பழகிய குறியைக் கற்க ஆடுகள் அதிக முயற்சி எடுத்தன. புதுக் குறியைச் சீக்கிரம் கற்றன. ஒரு விளைவும் இல்லாமல் பலமுறை வந்துபோனதை உடம்பு முக்கியமில்லாதது என்று ஒதுக்கிவைக்கிறது. பிறகு அது உண்மையிலேயே எதையாவது குறித்தாலும் நம்பத் தாமதிக்கிறது. உள்ளுறைத் தடை என்று இதைச் சொல்லலாம். ரப்பர் ஷீட் உலரும் கொட்டகையின் புளித்த வாடை எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு மூக்கில் ஏறுவதே இல்லை. புதிதாக வருகிறவர் அந்த வாடைக்கு நடுவே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், அவருக்கும் நமக்கும் அது ஒரே மாதிரி நினைவில் நிற்காது.

தேனீயிலும் இது உண்டு. பலன் இல்லாமல் பலமுறை முகர்ந்த மணத்தை அது தாமதமாகத்தான் கற்கும். 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இந்தத் தாமதம் எந்த அளவுக்கு இருக்கும் என்பது தேனீயின் பரம்பரையையும் பொறுத்தது. முன் அனுபவம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். அர்ஜென்டினாவில் வால்டர் ஃபரினாவின் குழு 2020-இல், சூரியகாந்தியின் மணத்தைப் போல் தயாரித்த வாசனையைப் பாகில் கலந்து பெட்டிக்குள் வைத்தது. அந்தப் பெட்டித் தேனீக்கள் சூரியகாந்தி வயலுக்கு அதிகம் போயின. வயலின் விதை விளைச்சலும் கூடியது. பாகு வைப்பது எங்கள் பக்கத்துத் தேனீக்காரர்கள் எப்படியும் செய்கிற வேலை. அதில் என்ன மணம் சேர்ந்தால் எந்தத் தோட்டத்துக்கு ஈ போகும் என்று இங்கேயும் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

உணவுக்கு வருவோம். ரெவுஸ்கியும் பெடார்ஃபும் 1967-இல் எலிகளுக்குப் பழகிய உணவு ஒன்றும் புது உணவு ஒன்றும் அடுத்தடுத்துக் கொடுத்து, அதன் பின் நோய் வரவைத்தார்கள். எது கடைசியாகச் சாப்பிட்டது என்பதைவிட எது புதிது என்பதே வெறுப்பை முடிவு செய்தது. நாற்பது ஐம்பது வருடம் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத கஞ்சிக்கு அத்தனை வருடமும் காவல் நிற்கிறது. நேற்று டப்பா பிரித்த பொடிக்கு அந்தக் காவல் இல்லை. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும், புட்டும் பயறும் ஒரு கெட்ட ராத்திரியில் எளிதாக மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரேயடியாக மாட்டிக்கொள்ளாது என்று சொல்ல முடியாது. அன்று அது ஒன்றையே சாப்பிட்டிருந்தால், வாந்தியும் மிகக் கடுமையாக இருந்தால், பழகியதும் கெட்டுப்போகலாம். குழந்தைகளுக்குப் பழகியது என்று சொல்ல உணவு குறைவு. அதனால் அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

முன் அனுபவம் இன்னொரு வழியிலும் உள்ளே நுழைகிறது. லியான் காமின் 1960களின் கடைசியில் கனடாவில் இதைக் கண்டார். ஒரு சத்தத்துக்குப் பின் அதிர்ச்சி வரும் என்று எலிக்கு முதலில் நன்றாகப் பழக்கினார். பிறகு சத்தத்தோடு ஒரு வெளிச்சத்தையும் சேர்த்து, அதே அதிர்ச்சி. வெளிச்சமும் அதிர்ச்சியும் நேரத்தில் கச்சிதமாகச் சேர்ந்து வந்தன. ஆனாலும் எலி வெளிச்சத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் கற்கவில்லை. சத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஊருக்கே தெரிந்த செய்தியை இன்னொருவர் வந்து சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை அல்லவா, அப்படித்தான். ராபர்ட் ரெஸ்கோர்லா 1968-இல் வேறு பக்கமிருந்து அதே இடத்துக்கு வந்தார். ஒலி இருக்கும்போதும் இல்லாதபோதும் அதிர்ச்சிக்குச் சம வாய்ப்பு இருந்தால், எத்தனை தடவை சேர்ந்து வந்தாலும் எலிக்கு ஒலியைக் கண்டு பயம் வருவதில்லை. 1972-இல் அவரும் ஆலன் வாக்னரும் இதைச் சூத்திரமாக்கினார்கள்: எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் கற்பிக்கிறது. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் பார்த்ததும் கிட்டத்தட்ட இந்த வித்தியாசத்தைத்தான். எதிர்பாராத பழச்சாற்றுக்கு அவை துடித்தன. குறியைப் பார்த்துப் பழகிய பின் குறிக்கே துடித்தன, சாற்றுக்குத் துடிக்கவில்லை. குறி வந்தும் சாறு வராதபோது துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது.

இந்த அறிவை முதலில் குழந்தைகள் வார்டுக்குக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த இலீன் பெர்ன்ஸ்டீன். 1978-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வயிற்றைப் புரட்டும் கீமோவுக்கு முன் சில குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத சுவையில் ஐஸ்கிரீம் கொடுக்கப்பட்டது. சில வாரம் கழித்து அதே ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டபோது ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் வேண்டும் என்றார்கள். அந்த ஐஸ்கிரீம் சாப்பிடாமல் கீமோ எடுத்தவர்களிலும், ஐஸ்கிரீம் சாப்பிட்டும் குமட்டும் மருந்து ஏறாதவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ வேண்டும் என்றார்கள். வாந்தி மருந்தால்தான் வருகிறது என்று புரிந்துகொள்ளும் வயதுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அந்தப் புரிதல் நாக்கைக் காப்பாற்றவில்லை.

சித்தியைப் பார்த்து "எல்லாம் மனசுதான், தைரியமா இருங்க" என்று சொல்வது ஏன் தவறு என்று இங்கே தெரிகிறது. அவருடைய மனசு பலவீனமாக இல்லை. விஷத்திலிருந்து காப்பாற்றுவதற்காக உருவான ஒரு பழைய அமைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மருந்தால் வந்த குமட்டலை உணவால் வந்ததிலிருந்து பிரித்துப் பார்க்க அதற்கு வழி இல்லை. நோயோடு போராடுகிறவரிடம் அந்தப் பழியையும் சுமத்துவது கொடுமை.

பெர்ன்ஸ்டீன் அடுத்து செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பழி எப்படியும் புதுச் சுவையின் மேல் விழும் என்றால், விழுந்தால் நஷ்டமில்லாத ஒரு புதுச் சுவையை நாமே முன்னால் நிறுத்தலாமே. 1987-இல் அவரும் ப்ரோபெர்க் என்ற ஆய்வாளரும் குழந்தைகளுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவே, அழுத்தமான, பழக்கமில்லாத சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். அப்படி மிட்டாய் சாப்பிட்ட பிள்ளைகள், அன்று சாப்பிட்ட உணவைப் பிறகும் சாப்பிடுவதற்கு ஏறக்குறைய இரு மடங்கு வாய்ப்பு இருந்தது. மிட்டாய் பழியை வாங்கிக்கொண்டது. 1998-இல் ஜெர்மனியில் பெரியவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மருந்துக்கு முன் கொடுத்த அழுத்தமான சுவையுள்ள பானம், மருத்துவமனைச் சூழலோடு குமட்டல் ஒட்டிக்கொள்வதையும் குறைத்தது.

வீட்டில் இதை எப்படிச் செய்வது என்றால், மருந்து ஏறும் நாளில் பழகிய, காரம் குறைந்த, லேசான சாப்பாடு போதும். சத்தான புதுப் பொருளை அறிமுகப்படுத்த வேண்டும் என்றால், குமட்டல் அடங்கி உடம்பு தெளிந்த நாட்களில், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கொடுத்துப் பழக்கிவிடலாம். அப்படிச் செய்தால் அந்தப் பொருளுக்கும் கொஞ்சம் காவல் கிடைக்கும். நோயாளிக்கு மிகப் பிரியமான பலகாரத்தை, "ஆசைப்பட்டாரே" என்று மருந்து நாளில் செய்துகொடுப்பதை நான் தவிர்ப்பேன். அதே உணவைத் தினமும் நம்பித்தான் அவர் தேற வேண்டியிருக்கும். பழி வாங்க ஒரு மிட்டாய் கொடுக்கலாமா, எதை எப்போது சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடமோ அங்குள்ள உணவு ஆலோசகரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய், வாய்ப்புண், நோய் எதிர்ப்பு சக்திக் குறைவு என்று ஆளுக்கு ஆள் கட்டுப்பாடு வேறு.

உணவோடு இது நிற்பதில்லை. சில சுற்றுகள் கடந்ததும் சிலருக்கு மருந்து ஏறும் முன்பே குமட்டத் தொடங்கும். ஸ்பிரிட் வாடை போதும், வார்டின் படிக்கட்டு போதும், பஸ் நெய்யாற்றின்கரை தாண்டுவதே போதும். மருத்துவத்தில் இதற்கு முன்கூட்டிய குமட்டல் என்று பெயர். முந்தைய சுற்றுகளில் வாந்தி எவ்வளவு கடுமையாக இருந்ததோ அவ்வளவுக்கு இது வரும் வாய்ப்பு கூடும். வந்துவிட்ட பின், சாதாரணமாகக் கொடுக்கும் வாந்தித் தடுப்பு மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால்தான் முதல் சுற்றிலிருந்தே வாந்தித் தடுப்பு மருந்தைச் சொன்ன நேரத்தில், சொன்ன நாள்வரை விடாமல் எடுக்க வேண்டும். "இன்னிக்கு வாந்தி இல்லையே, மாத்திர எதுக்கு?" என்று நிறுத்துகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். இந்த ஒன்றை எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உடம்பு முதல் தடவையில் கற்பதைத் தடுப்பது சுலபம்; கற்றதை எடுப்பது கஷ்டம்.

முதல் தடவைக்கு முன் வந்த அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு. கிரஹாம் டேவி 1989-இல் பல் மருத்துவரைக் கண்டு பயப்படுகிறவர்களையும் பயப்படாதவர்களையும் விசாரித்தார். வலித்த அனுபவம் இருந்தும் பயம் வராமல் போனவர்கள், அந்த வலிக்கு முன்பே வலி இல்லாமல் பல தடவை பல் மருத்துவரிடம் போய் வந்தவர்களாக இருந்தார்கள். ஆட்டுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. பிள்ளையைப் பல் வலி வந்த அன்றைக்கு முதன்முதலாக அழைத்துப் போகாமல், வலி இல்லாத நாளில் சும்மா காட்டிவிட்டு வருவது நல்லது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். கீமோ வார்டிலும், மருந்து தொடங்குமுன் இடத்தைப் பார்த்துப் பழக வழி கிடைத்தால் விட்டுவிட வேண்டாம்.

பதிந்துவிட்டதை எடுக்க முடியுமா? குறி வந்தும் விளைவு வராமல் பல தடவை போனால் பழக்கம் மங்கும். ஆனால் அழிவதில்லை. மங்கிய எச்சில் சிறிது ஓய்வுக்குப் பின் தானாகத் திரும்பி வருவதைப் பாவ்லோவே பதிவு செய்திருக்கிறார். ஹாட்ஜ்கின் நோய் என்ற ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து முழுக்கக் குணமானவர்களிடம், சிகிச்சை முடிந்த பின்பும் குமட்டல் மிச்சம் இருப்பதை 1986-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பழைய வாடை ஒன்று போதுமாக இருந்தது. சித்தி குணமாகி, வருடம் கழித்துப் பரிசோதனைக்குப் போகும்போது பஸ்ஸில் முகம் வெளுத்தால், நோய் திரும்பிவிட்டதோ என்று வீட்டார் பதற வேண்டாம். மருத்துவரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மருந்தில்லாத சிகிச்சை ஒன்று உண்டு. 1982-இல் கேரி மோரோவும் கிறிஸ்டின் மோரெலும், தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்து, அந்தத் தளர்வில் இருந்தபடியே மருத்துவமனைக் காட்சிகளை ஒவ்வொன்றாக மனதில் கொண்டுவரச் செய்தார்கள். நோயாளிகளின் முன்கூட்டிய குமட்டல் குறைந்தது. மார்க் பவுட்டன் எலிகளில் காட்டிய ஒன்றை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் அறையில் பழகிய பயத்தை வேறொரு அறையில் மங்கவைத்தால், முதல் அறைக்குத் திரும்பியதும் பயம் திரும்பிவிடும். மங்கவைக்கும் பாடம், அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே மார்த்தாண்டத்தில் வீட்டு அறைக்குள் கண்ணை மூடிச் செய்த பயிற்சி மட்டும் போதாமல் போகலாம். பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டு, அதே தளர்வு மூச்சைப் பாறசாலையில் ஒரு தடவை, மருத்துவமனை வாசலில் ஒரு தடவை, காத்திருக்கும் நாற்காலியில் ஒரு தடவை என்று அந்தந்த இடத்திலேயே செய்து பார்க்கலாம். மருந்து ஏறாமல் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போகும் நாட்கள் அதற்குத் தோதானவை.